எந்தப் பதினாலு?

யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் செங்கல்வராயன் அதை அப்படியே வாங்கிக்கொள்ள மாட்டார். பத்திரிகை வைக்க வந்தவர், "வீடு இருபத்தேழாம் நம்பர் சார், நேரா வந்துடுங்க" என்றால், "எந்த இருபத்தேழு?" என்பார். கடைக்காரர் "மூணாவது ஊடு" என்று கை காட்டினால், "எங்கேர்ந்து எண்ணிக்கினு வர்றது?" என்பார். சிலர் சிரிப்பார்கள். சிலர் இவருக்குக் காது மந்தம் என்று நினைத்து, அதே எண்ணை இன்னும் உரக்கச் சொல்வார்கள். கிட்டத்தட்டப் பத்து வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிற பூங்காவனம் மட்டும் சிரிப்பதில்லை. தன் கணவர் அந்தக் கேள்வியை எங்கே கற்றுக்கொண்டார் என்று அவளுக்குத் தெரியும்.

பூங்காவனம் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த அவள் அப்பாவுக்கு ராணுவத் தொழிற்சாலையில் வேலை. எட்டாவது படிக்கும்போது அம்மா படுத்த படுக்கையாகிவிட, பள்ளிக்கூடம் அத்தோடு நின்றது. யாராவது வீட்டுக்கு வந்தால் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். ஆனால் வந்தவரின் செருப்பு எப்படித் தேய்ந்திருக்கிறது, தண்ணீரை முழுக்கக் குடித்தாரா பாதியில் வைத்தாரா என்பதெல்லாம் அவள் கண்ணுக்குத் தப்பாது.

எண்பத்தைந்தில் கல்யாணமாகி மண்ணூர்பேட்டைக்கு வந்தாள். செங்கல்வராயனுடையது அந்த ஊரிலேயே பல தலைமுறையாக இருந்த குடும்பம். அவர் அப்பா நெல் விதைத்த இடத்தில் இப்போது யாரோ போல்ட்டும் நட்டும் செய்துகொண்டிருந்தார்கள். வயல்களெல்லாம் தொழிற்பேட்டையாகிப்போன அந்த எஸ்டேட்டிலேயே ஒரு சின்ன கம்பெனியில் செங்கல்வராயனுக்கு வேலை. அந்தக் கம்பெனி கம்ப்யூட்டர் செய்தது. ஒரு பெட்டி, அதிலிருந்து திரையும் விசைப்பலகையுமாக எட்டு டெர்மினல், எட்டு பேர் ஒரே சமயத்தில் உட்கார்ந்து தட்டலாம். அந்தப் பெட்டியை உள்ளேயிருந்து நடத்துகிற ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதுகிறவர்களில் இவர் ஒருவர்.

என்ன வேலை என்று பூங்காவனம் கேட்டதில்லை. கேட்கக் கூச்சம். கல்யாணமான புதிதில் ஒரு நாள் காலையில், கூட வேலை செய்யும் ஜம்புலிங்கம் ஸ்கூட்டரில் வந்து வாசலிலிருந்தே கத்தினார்.

"மச்சான், கர்னல் செத்துப்போச்சு! சீக்கிரம் வா, சார் குதிச்சிகினு கீறாரு."

செங்கல்வராயன் பாதி இட்லியோடு எழுந்து ஓடினார்.

கதவுக்குப் பின்னால் நின்ற பூங்காவனத்துக்கு மனசு கனத்துப் போயிற்று. கர்னல் என்றால் அவளுக்குத் தெரியும். ஆவடியில் கர்னல் ஜீப்பில் போனால் தெருவில் சைக்கிள்கள் ஓரங்கட்டும். அப்படிப்பட்டவர் யாரோ இவர்கள் கம்பெனிக்கு வேண்டியவராக இருந்திருக்கிறார், பாவம். இந்த ஜம்புலிங்கம் அதை ஏதோ ஆடுமாடு செத்த மாதிரி சொல்லிவிட்டுப் போகிறாரே என்று வருத்தப்பட்டாள். சாயங்காலம் அவர் திரும்பி வரும் நேரத்துக்கு வெளியே ஓர் அண்டாவில் தண்ணீரும், மாற்று வேட்டியும் எடுத்து வைத்தாள். அவர் வாசற்படியில் கால் வைத்ததும் தடுத்தாள்.

"உள்ள வராதீங்க. முதல்ல குளிங்க."

"இன்னாத்துக்கு?"

"சாவு வீட்லேர்ந்து வர்றீங்களே."

"யாரு செத்தா?"

"கர்னல்."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. அதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, அந்த மாற்று வேட்டியை எடுத்துக்கொண்டு போய்க் குளித்துவிட்டே உள்ளே வந்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார்.

"நீ நெனச்சது தப்பே இல்ல. இது மெஷினுக்குள்ள கீற கர்னல், ஆபரேட்டிங் சிஸ்டத்துல நடுநாயகமா கீற புரோகிராமுக்கு அப்படித்தான் பேரு. எல்லார் ஊட்டு சாவியும் இவன்கிட்டதான். மத்த புரோகிராம் எல்லாம் குவார்ட்டர்ஸ்காரங்க மாதிரி. பிரின்டர் வேணும், டிஸ்க் வேணும்னா இவனாண்டதான் வந்து கேக்கணும். இவன் செத்தா எல்லா ஊட்லயும் வெளக்கு அணைஞ்சிடும்."

அன்றிலிருந்து அவர் வேலை பூங்காவனத்துக்கு ஓரளவு புரிந்துவிட்டது. வீட்டில் கர்னலின் உடல்நிலை விசாரிப்பது வழக்கமாயிற்று.

எண்பத்தெட்டில் கம்பெனி புது மாடல் மெஷின் கொண்டுவந்தது. பூந்தமல்லியில் பரந்தாமன் என்பவரின் லாரி புக்கிங் ஆபீசில் அதை வைத்தார்கள். அங்கே தட்டச்சு தெரிந்த ஒரு பெண் வேண்டும் என்று செங்கல்வராயன் பேச்சுவாக்கில் சொன்னபோது, பூங்காவனம் கல்யாணமான நாளாகக் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"நம்ம ஜமீலாவுக்குச் சொல்லிப் பாருங்களேன்."

ஜமீலா நாலு வீடு தள்ளி இருந்தாள். பத்தாவது முடித்துவிட்டு டைப்ரைட்டிங் பாஸ் செய்திருந்தாள். அப்பா இல்லை, அம்மா, தெருமுனையில் அங்கம்மா என்பவள் நடத்தும் இட்லிக் கடைக்கு மாவு அரைத்துக் கொடுப்பாள். குழாயடியில் பூங்காவனம் பேசுகிற ஒரே ஆள் ஜமீலாதான். பேச்சை எல்லாம் அவளே பார்த்துக்கொள்வாள், இவள் தலையை ஆட்டினால் போதும்.

வேலை கிடைத்தது. ஜமீலா மிக வேகமாகத் தட்டினாள். லாரி ரசீதுகள் எல்லாம் அவள் டெர்மினலில்தான் போயின.

ஆனால் புது மெஷின் அடிக்கடி நின்றது. எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. காலையில் நன்றாக ஓடும். மத்தியானம் திடீரென்று எட்டுத் திரையும் உறைந்துபோகும். லாரி வெளியே ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் யார் கை விசைப்பலகையில் இருக்கிறது என்று பார்த்தால், ஜமீலாவின் கைதான் இருக்கும். ஏனென்றால் எந்த நேரமும் தட்டிக்கொண்டிருந்தது அவள்தானே.

"இந்தப் பொண்ணு இன்னாத்தையோ அமுக்குது சார்" என்றார் பரந்தாமன்.

சரிபார்க்கப் போன செங்கல்வராயன் மெஷினைத் திரும்ப ஓடவிட்டார். அது நன்றாக ஓடியது. "ஆபரேட்டர் மிஸ்டேக்கா இருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தத் தொழிலில் காரணம் தெரியாதபோது எல்லோரும் சொல்வது அதுதான். வீட்டிலும் சாப்பிட்டுக்கொண்டே அதைச் சொன்னார். பூங்காவனம் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், பரந்தாமன் ஆபீசில் மூட்டை ஏற்றும் கஜபதி வந்து கதவைத் தட்டினார். பூங்காவனம் பாதி கதவைத் திறந்தாள்.

"பதினாலாம் நம்பர் இதானே?"

தலையை ஆட்டினாள். சுவரில் பெரிதாகச் சிவப்பு மையில் எழுதியிருந்ததே.

"மொதலாளி சொல்லி அனுப்பினாரு. நாளைலேர்ந்து அந்தப் பொண்ணு வேலைக்கு வரவேணாம்னு சொல்லிடுங்கம்மா. நல்ல பொண்ணுதான். இன்னா பண்றது, மெஷின் சேரல அதுக்கு."

சொல்லிவிட்டு, எதிர்த்துப் பேச்சு வருவதற்குள் தப்பித்தால் போதும் என்பதுபோல் போய்விட்டார்.

பூங்காவனம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வருஷம்தான் நகராட்சி ஆட்கள் தெருவெல்லாம் புது எண் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். பழைய எண்ணை அழிக்கவில்லை. கறுப்பில் பழசு, சிவப்பில் புதுசு. ஜமீலா வீடு பழைய பதினாலு. செங்கல்வராயன் வீடு புதிய பதினாலு. ஜமீலா வேலையில் சேர்ந்தபோது தன் பழைய எண்ணைத்தான் கொடுத்திருந்தாள். ஜமீலாவுக்கு வந்த சொல் இவள் வீட்டில் விழுந்துவிட்டது.

போய்ச் சொல்வதற்கு நாலு வீடுதான். அவளால் முடியவில்லை. ஜமீலா வீட்டு ஜன்னலில் விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டே அரிசியைக் களைந்தாள். இரண்டாவது தடவையும் களைந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

செங்கல்வராயன் வந்ததும் சொன்னாள்.

"உங்க பேச்சைக் கேட்டுத்தான் நிறுத்தியிருக்காங்க."

"நான் நிறுத்தச் சொல்லலயே. மிஸ்டேக்கா இருக்கும்னுதான்..."

"அவ மிஸ்டேக்குன்னு நீங்க பார்த்தீங்களா?"

அவர் கூரையைப் பார்த்தார். அவள் இவ்வளவு நேராக அவரிடம் எதையும் கேட்டதில்லை. இத்தனைக்கும் நடுவில் அவர் ஒன்றைக் கேட்டார்:

"அதெப்படி நம்ம ஊட்ல வந்து சொன்னான்?"

"பதினாலுன்னு கேட்டாரு. நம்மளும் பதினாலுதானே."

மறுநாள் காலை குழாயடியில் ஜமீலா குடத்தோடு நின்றாள். வேலைக்குப் போகப் புடவை கட்டித் தயாராக இருந்தாள்.

"இன்னிக்குப் போகவேணாம் ஜமீலா" என்றாள் பூங்காவனம். "இவர் மெஷின் பார்க்கப் போறார். அதுவரைக்கும் லீவாம்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் குடத்தைப் பார்த்துச் சொன்னாள். ஜமீலா "சரிக்கா" என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. ஓயாமல் பேசுகிற பெண் அன்று பேசாமல் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள்.

செங்கல்வராயன் பூந்தமல்லிக்குப் போனார். பரந்தாமனிடம், "அந்தப் பொண்ணு சீட்ல நான் உக்கார்றேன். ரசீது எல்லாம் நானே போடுறேன்" என்றார். பரந்தாமனுக்கு ஒரே வேடிக்கை.

"இன்னா சார், இன்ஜினியருக்கு எங்க ஆபீஸ்ல வேல வேணுமா? நம்ம கஜபதி கூட மூட்டையும் தூக்கறீங்களா?"

முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. பரந்தாமன் போகும்போதும் வரும்போதும், "பாத்தீங்களா, அந்தப் பொண்ணு இல்ல, மெஷின் நல்லாதான் கீது" என்றார். செங்கல்வராயனுக்கே அப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது. இரண்டாம் நாள் பிரின்டரில் பேப்பர் தீர்ந்தது. புதுக் கட்டு மாட்டினார்கள். டீ வந்தது, குடித்தார். மறுபடி உட்கார்ந்து ஒரு ரசீதைப் பாதி அடித்துக்கொண்டிருக்கும்போது எட்டுத் திரையும் உறைந்தன. அவர் இரண்டு விரலும் விசைப்பலகை மேல் இருந்தன.

"இப்ப இன்னாத்த அமுக்குனீங்க?" என்று பரந்தாமன் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கம்பெனியிலிருந்து எடுத்துவந்த அகலமான பேப்பர் அடுக்கைக் கூடம் முழுக்கப் பரப்பினார். பச்சைக் கோடு போட்ட பேப்பர், மடிப்பு மடிப்பாக வாசல் வரைக்கும் போயிற்று. கர்னல் புரோகிராம் வரி வரியாக அச்சாகியிருந்த பேப்பர் அது. மெஷின் நிற்பதற்கு முன்னால் புதிதாக நடந்தது பிரின்டரில் பேப்பர் தீர்ந்தது ஒன்றுதான்; அப்படித் தீர்ந்தால் கர்னல் என்ன செய்கிறது என்று முட்டி போட்டுக்கொண்டே படித்தார். பூங்காவனம் மிதிக்காமல் ஓரமாகவே நடந்து சமைத்தாள். சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகு, ஓர் இடத்தில் விரல் வைத்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மே, இங்க வா."

அவள் வந்து பக்கத்தில் குந்தினாள்.

"குவார்ட்டர்ஸ்காரன் ஒருத்தன் கர்னலாண்ட வந்து, 'ஐயா, பிரின்டர்ல பேப்பர் தீந்தா எனக்கு ஒரு சீட்டு போடுங்க, என் ஊடு பதினாலு'ன்னு சொல்றான்னு வெச்சிக்க. கர்னல் இன்னா செய்யணும்? அது அவன் தெரு பதினாலான்னு பாத்து, அவன் தெருவுக்குப் போய், அவன் ஊட்ல போடணும். அதுக்குன்னு தனியா ஒரு வழி வெச்சிருக்கோம். எல்லாரும் அதுலதான் போவணும்னு சட்டம். இங்க பாரு, இந்த எடத்துல நேரா போய்ப் போட்டுட்டான்."

"எங்க போட்டார்?"

"தன் தெரு பதினாலுல."

பூங்காவனம் புரிந்துகொண்டு தலையை நிமிர்த்தினாள்.

"பழைய மெஷின்ல கர்னலுக்கும் குவார்ட்டர்ஸ்காரனுக்கும் ஒரே தெரு, ஒரே நம்பர். அதனால நேரா போனாலும் சரியாப் போய்ச் சேந்துச்சு. புது மெஷின்ல கர்னலுக்குத் தனித் தெரு, அதுக்கும் ஒண்ணுலேர்ந்து நம்பர். அங்கயும் ஒரு பதினாலு கீது. அதான் கஷ்டமே. அந்த நம்பர்ல ஊடே இல்லன்னா அப்பவே அலறியிருக்கும், நாமளும் புடிச்சிருப்போம். ஊடு இருந்துச்சு. கதவும் தெறந்துச்சு. கர்னலை யாரு தடுப்பாங்க? உள்ள போய் இருந்த பொருளை அழிச்சிட்டு சீட்டைப் போட்டுட்டு வந்துட்டான். அந்தப் பொருளைத் தேடிப் போறப்போதான் உசிரு போவுது. அதுக்குள்ள டீயே குடிச்சி முடிச்சிடலாம். அந்த நேரத்துல எவ கை கீபோர்டு மேல கீதோ அவமேல பழி."

"இதை யார் எழுதினது?"

"நான்தான். அந்தத் தனி வழியில போனா நேரம் புடிக்கும்னு நேரா போனேன். பழைய மெஷின்ல நல்லா ஓடிச்சே."

பூங்காவனத்துக்கு அவர் மேல் கோபம் வரும் என்று தோன்றியது. வரவில்லை. சாதம் ஆறிப்போயிருந்தது, அதைத் திரும்பச் சூடு பண்ணப் போனாள்.

திங்கட்கிழமை அந்த வரியைத் திருத்தினார்கள். கம்பெனி முதலாளி வீரராகவன் நல்லவர்தான், கெட்டிக்காரர். சொன்னார்: "செங்கல்வராயன், பேசாம திருத்தின புரோகிராம் டேப்பை மாத்திட்டு வந்துடுங்க. புது வெர்ஷன்னு சொல்லுங்க. எதுக்கு நம்ம வாயால நம்ம மெஷினைக் குறை சொல்லணும்? இன்னும் மூணு இடத்துல ஆர்டர் பேசிக்கிட்டிருக்கேன்."

செங்கல்வராயன் இதை வீட்டில் சொன்னபோது, முதலாளி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று சேர்த்துச் சொன்னார். மெஷின் இனி நிற்காது. ஜமீலாவைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னால் பரந்தாமன் எடுத்துக்கொள்வார்.

"எடுத்துக்குவார்" என்றாள் பூங்காவனம். "அடுத்த தடவை கரன்ட் போனாக்கூட அவளைத்தான் பார்ப்பார்."

மறுநாள் காலை அவர் கிளம்பும்போது, பூங்காவனமும் புடவை மாற்றிக்கொண்டு செருப்பு போட்டிருந்தாள். "நீ எங்க?" என்றார். "ஜமீலாவையும் கூட்டிக்கிட்டுப் போகலாம்" என்றாள்.

ஜமீலாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. பஸ் மாறுவதற்காக நிற்கும்போது, அவர் டீக்கடைப் பக்கம் போன சமயம் பார்த்து, பூங்காவனம் ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு லீவுன்னு சொன்னேன்ல. அது..."

"தெரியும்க்கா" என்றாள் ஜமீலா. "கஜபதி அண்ணன் உங்க ஊட்டுக் கதவைத் தட்டனப்பவே ஜன்னல்ல பாத்துட்டேன். அவரு தலைய குனிஞ்சிகினு ஓடனதுலயே இன்னா சேதின்னு தெரிஞ்சிபோச்சு."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"நீங்க சொல்ற வரைக்கும் எனக்கு வேலை போவல இல்ல?"

லாரி ஆபீசில் செங்கல்வராயன் முதலில் டேப்பை மாற்றினார். அவர் கை அதிலேயே சுற்றிச்சுற்றி வேலை செய்துகொண்டிருந்தது. கடைசி திருகாணியையும் முடுக்கிவிட்டு அவர் பையை எடுத்தபோது, அவர் சொல்லாமலே கிளம்பிவிடுவார் என்று பூங்காவனம் நினைத்தாள். வாசலில் நின்ற அவளை அவர் ஒரு தடவை பார்த்தார். பையைக் கீழே வைத்தார்.

"பரந்தாமன் சார், அந்தப் பொண்ணு ஒண்ணும் அமுக்கல. மெஷின்ல தப்பு. நான் எழுதனதுல தப்பு. ஆபரேட்டர் மிஸ்டேக்னு நான் சொன்னது பாக்காமச் சொன்னது."

கஜபதி மூட்டையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"மெஷின் நிக்குது நிக்குதுன்னு இத்தினி நாளா நான் கத்திகினு கீறேன். நீங்க இப்ப சொல்றீங்க" என்றார் பரந்தாமன். பிறகு ஜமீலாவைப் பார்க்காமல், "போய் உக்காரும்மா. லாரி நிக்குது" என்றார்.

அவ்வளவுதான். மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. வீரராகவனுக்கு விஷயம் தெரிந்து சில மாதங்கள் இவரிடம் சரியாகப் பேசவில்லை. பேசிக்கொண்டிருந்த ஆர்டர்களில் ஒன்று தவறியது. அது இதனாலா என்று யாருக்கும் தெரியாது. அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் அந்த ஆபீசில் மெஷின் மறுபடி நின்றது. மின்சாரக் கோளாறுதான். ஆனால் பரந்தாமன் நாற்காலியிலிருந்து எழுந்து ஜமீலா பக்கம் போகவில்லையாம். நேராகக் கம்பெனிக்குப் போன் போட்டு, "இன்னா சார், உங்க கர்னல் மறுபடி செத்துட்டானா?" என்று கத்தினாராம். இதை ஜமீலா குழாயடியில் நடித்துக் காட்டியபோது, பூங்காவனம் குடம் வழிவதைக்கூடக் கவனிக்காமல் சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் செங்கல்வராயன் எந்த எண்ணைக் கேட்டாலும் அது யார் தெரு எண் என்று கேட்க ஆரம்பித்தது.

இப்போது தொண்ணூற்றெட்டு. அந்தக் கம்பெனி மூடி நாலைந்து வருஷம் ஆகிறது. செங்கல்வராயன் அதே எஸ்டேட்டில் வேறோர் இடத்தில் வேலை செய்கிறார். ஜமீலா கல்யாணமாகி முகப்பேரில் இருக்கிறாள். பரந்தாமன் ஆபீசில் வேறு மெஷின்கள் வந்துவிட்டன, அவற்றையெல்லாம் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். மண்ணூர்பேட்டைத் தெருவில் இன்னும் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு எண்கள் இருக்கின்றன. பதினாலு என்று கேட்டு யாராவது கதவைத் தட்டினால், பூங்காவனம் இப்போது கதவை முழுதாகத் திறந்து, பழையதா புதுசா என்று கேட்கிறாள்.